தாய்லாந்து குடும்ப விசா: நாலு லட்சம் பாட் காட்ட கைமாற்று வாங்கலாமா?

கேள்வி: நான் கோவைக்காரன், வயது 43. ஒன்பது வருஷமாகச் சியாங் மாயில் இருக்கிறேன். மனைவி தாய்லாந்துக்காரர், சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். முன்பு வேலை விசாவில் இருந்தேன். கம்பெனியை மூடிவிட்டதால் குடும்ப விசாவுக்கு மாறினேன். போன முறை நீட்டிப்புக்கு நண்பரிடம் கைமாற்று வாங்கித்தான் வங்கியில் பணம் காட்டினேன். இந்த முறை விசா ஏப்ரல் 24-ல் முடிகிறது. என் கணக்கில் 2,30,000 பாட், மனைவி கணக்கில் 2,50,000 பாட் இருக்கிறது. கோவையில் 9 லட்சம் ரூபாய் எஃப்டி மார்ச் 10-ல் முதிர்கிறது. அங்கே வீட்டு வாடகையாக மாதம் 40,000 ரூபாய், இங்கே கடையில் மனைவிக்கு மாதம் 30,000 பாட் வருகிறது. இரண்டும் சேர்ந்தால் 40,000 பாட்டைத் தாண்டுமே, அதைக் காட்டினால் போதாதா? நண்பர் திரும்பவும் தரத் தயார், ஆனால் இரண்டு வட்டி கேட்கிறார். ஒரு ஏஜென்ட் "பணமே வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கைமாற்றும் வேண்டாம், ஏஜென்ட்டும் வேண்டாம். தேவையான பணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எந்தத் தேதியில் யார் கணக்கில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சரிசெய்தால் போதும். டிசம்பர் முதல் வாரத்திலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று, பிப்ரவரியில் கேட்டிருந்தால் என்னிடம் இவ்வளவு வழி இருந்திருக்காது.

முதலில் அந்த மாத வருமானக் கணக்கை விட்டுவிடுங்கள். தாய்லாந்துப் பெண்ணை மணந்த வெளிநாட்டுக் கணவருக்கு விதி இரண்டு வழி தருகிறது: மாதம் 40,000 பாட் வருமானம், இல்லையென்றால் தாய்லாந்து வங்கியில் 4,00,000 பாட் இருப்பு, அதுவும் விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு மாதமும் குறையாமல். வருமானம் என்றால் கணவருடைய வருமானம். கடையில் மனைவி எவ்வளவு சம்பாதித்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது. உங்கள் வாடகை ஏறத்தாழ 15,000 பாட் தான் வரும். பாதி வருமானம், பாதி இருப்பு என்று கலந்து காட்டலாம் என்று யாராவது சொல்லியிருந்தால், அது 50 வயது தாண்டியவர்களின் ஓய்வு விசாவுக்கு உள்ள சலுகை. அங்கே தொகையும் 8 லட்சம். இந்த இரண்டு விசாவின் விதிகளையும் குழப்பிக்கொண்டு அலுவலக வாசலில் நிற்பவர்கள் நிறையப் பேர். (வெளிநாட்டுப் பெண் தாய்லாந்து ஆணை மணந்திருந்தால் இந்தப் பண நிபந்தனையே கிடையாது. நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.)

ஆக உங்களுக்கு இருப்புக் கணக்குதான் வழி, குறைவது 1,70,000 பாட். இதை நண்பரிடம் இரண்டு வட்டிக்கு வாங்கினால் ஜனவரி நடுவிலிருந்து மே நடு வரை நாலு மாதத்துக்கு 13,600 பாட் போகும். அதே தொகையை உங்கள் எஃப்டியிலிருந்து கொண்டுவந்தால் எதை இழக்கிறீர்கள்? பாட் 2.70 ரூபாய் என்று வைத்தால் சுமார் 4.6 லட்சம் ரூபாய். ஆறரை சதவீத வட்டியில் வரி போக வருஷத்துக்கு 20,000 ரூபாய் சொச்சம், அதாவது 7,600 பாட். நாலு மாசத்துக்கு 13,600 எங்கே, வருஷம் முழுக்க 7,600 எங்கே! அதோடு நண்பர் நல்லவராகவே இருந்தாலும் அவருக்கே மார்ச்சில் அவசரம் வந்து கேட்டால் மறுக்க முடியுமா? கொடுத்துவிட்டால் இருப்பு ஒரு நாள் குறைந்தாலும் அந்த வருஷக் கதை முடிந்தது.

எஃப்டி மார்ச்சில்தான் முதிர்கிறது, பணமோ ஜனவரியிலேயே வேண்டும், சிக்கல் இங்கேதான். இதற்கு மனைவியிடம் பேசுங்கள். அவர் கணக்கில் இருக்கும்வரை அந்தப் பணம் உங்கள் விசாவுக்கு உதவாது, ஆனால் உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் கணக்குக்கு மாற்றி இரண்டு மாதம் கிடந்தால் உதவும். கணவன் மனைவிக்குள் கொடுத்துக்கொள்ளும் பணத்துக்கு வருஷத்துக்கு 2 கோடி பாட் வரை தாய்லாந்தில் வரியும் இல்லை. ஜனவரி 15-க்குள் 1,70,000-க்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே, 1,75,000 போட்டுவிடுங்கள். மார்ச்சில் எஃப்டி பணம் வந்து உங்கள் கணக்கில் ஏறியதும் மனைவியின் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். இருப்பு எந்த நாளிலும் நாலு லட்சத்துக்குக் கீழே போகாது, சொங்கிரான் (தாய்லாந்துப் புத்தாண்டு) சமயத்தில் கடைக்குச் சரக்கு எடுக்க அவர் கையிலும் காசு இருக்கும். இருவர் பெயரிலும் ஜாயிண்ட் கணக்கு தொடங்கி அதில் போடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள், அதில் உங்கள் பங்காகப் பாதியைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இனி எஃப்டி. ஒன்பது வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறீர்கள், ஆனால் கோவை வங்கிக் கணக்கு இன்னும் சாதாரண சேமிப்புக் கணக்காகவே இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. நம் ஆட்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், அது அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு. அதை வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றினால்தான் பணத்தை முறையாக வெளியே அனுப்ப முடியும். என்ஆர்ஓவிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம், ஆகவே வரம்பு உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை காகிதம்தான்: கணக்கை மாற்ற பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டு முகவரிச் சான்று, பணம் அனுப்ப வரிப் படிவம், ஆடிட்டர் சான்று. ஏதாவது ஒரு கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கூரியர் திரும்பி வரும். அதனால் இந்த வாரமே கிளைக்கு எழுதுங்கள், மார்ச் 10 வரை காத்திருக்காதீர்கள். என்ஆர்ஓ ஆனதும் வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள், மேலே நான் போட்ட கணக்கு அதைக் கழித்ததுதான். வருமானம் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து ஒரு பகுதியைத் திரும்ப வாங்கலாம்.

தாய்லாந்து வரியையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். வருஷத்தில் 180 நாளோ அதற்கு மேலோ அங்கே இருப்பவர், 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக்கணக்கில் வரும். அதற்கு முன்பு சேர்த்த பணத்துக்கு அந்த விதி இல்லை. உங்கள் எஃப்டியின் அசல் அதற்கு முன்பே சேர்ந்ததுதான் என்றால் 2023 டிசம்பர் 31 தேதி இருப்பைக் காட்டும் ஸ்டேட்மென்ட் ஒன்றை இப்போதே எடுத்து வையுங்கள். அசலை மட்டும் அனுப்புங்கள். வாடகையும் வட்டியும் கோவையிலேயே இருக்கட்டும்.

விண்ணப்பத்தை ஏப்ரல் முதல் வாரத்தில் கொடுத்துவிடுங்கள், விசா முடிய 30 நாள் இருக்கும்போதே வாங்கிக்கொள்வார்கள். ஏப்ரல் 13 முதல் சொங்கிரான் விடுமுறை, அதை ஒட்டிய நாட்களில் கூட்டம் அள்ளும். போகிற அன்று காலையில் வங்கிக்குப் போய் நூறு பாட் போட்டு பாஸ்புக்கில் அன்றைய தேதி விழும்படி அச்சடித்து, இருப்புச் சான்றுக் கடிதத்தையும் அன்றே வாங்குங்கள். நேற்றைய கடிதத்தைக் கொண்டுபோய் திரும்பி வந்தவர்கள் உண்டு. திருமணப் பதிவு நகல், மனைவியின் வீட்டுப் பதிவேடு, வீட்டு எண் தெரியும்படி வாசலில் இருவரும் நிற்கும் படம், 1,900 பாட் கட்டணம் எல்லாம் போன முறை போலத்தான். பொதுவாக 30 நாள் பரிசீலனையில் வைத்துப் பிறகே முத்திரை குத்துவார்கள். அதுவரை அந்த நாலு லட்சத்தைத் தொட வேண்டாம், ஏடிஎம் கார்டை மனைவியிடம் கொடுத்துவிட்டாலும் நல்லதுதான்.

முத்திரை விழுந்த பிறகு? ஓய்வு விசாவைப் போல அதற்கப்புறமும் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் குடும்ப விசாவின் விதியில் இல்லை. அதனால் மே முதல் அடுத்த ஜனவரி வரை இதையே உங்கள் குடும்பத்தின் அவசர நிதியாக வைத்துக்கொள்ளலாம். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எடுங்கள், ஜனவரி நடுவுக்குள் நிரப்புங்கள். சேமிப்பு வட்டி அங்கே ஒன்றுமில்லை என்று புலம்பிக்கொண்டு இதைப் பங்குச் சந்தையில் போடாதீர்கள். வங்கிக்கு ஒருவருக்குப் பத்து லட்சம் பாட் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது, பயமில்லை. ஆனால் கணக்கு உங்கள் ஒருவர் பெயரில் இருப்பதால், உங்களுக்கு ஏதாவது ஆனால் வங்கி அதை முடக்கிவிடும், நீதிமன்றம் நிர்வாகி ஒருவரை நியமிக்கும்வரை மனைவியால் எடுக்க முடியாது. தாய்லாந்தில் ஒரு எளிய உயிலை எழுதி அதில் மனைவியை நிர்வாகியாகக் குறிப்பிடுங்கள். இதற்கு ஆகும் செலவு உங்கள் நண்பரின் வட்டியை விடக் குறைவாகவே இருக்கும்.

அந்த ஏஜென்ட் விஷயம். "பணமே வேண்டாம்" என்றால் யாருடைய பணமோ உங்கள் கணக்கில் வந்துபோகும், இல்லையென்றால் ஏதோ ஒரு காகிதம் பொய்யாக இருக்கும். பிடிபட்டால் மாட்டுவது அவர் இல்லை, பாஸ்போர்ட்டில் பெயர் உள்ள நீங்கள். மனைவியும் கடையும் அங்கேயே இருக்கும்போது இந்த விளையாட்டு உங்களுக்கு எதற்கு? காசு கொடுத்தாலும் அடுத்த வருஷம் திரும்ப அவரிடமே போய் நிற்க வேண்டும்.

அப்புறம், என்ஆர்ஓ வேலைக்காக நடுவில் கோவைக்கு நேரில் போவதாக இருந்தால், கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. அது இல்லாமல் விமானம் ஏறினால் இப்போதுள்ள நீட்டிப்பும் அன்றோடு போய்விடும், ஏப்ரலில் நீட்டிக்க எதுவும் மிஞ்சாது.