குழாயை எடுத்ததும் எண்ணெய் தேய்த்ததும்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம், பள்ளி ஆசிரியை. பெயரைப் போட வேண்டாம்.

இந்த மாதத் தொடக்கத்தில் அப்பா இறந்துபோனார். மூளையில் ரத்தக்கசிவு. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வென்டிலேட்டரில் இருந்தார். கண்ணே திறக்கவில்லை. 'இனி நினைவு திரும்பாதும்மா, மெஷின்தான் மூச்சு விடுது' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அம்மாவின் நகைகள் அடகுக்கும் தோட்டம் ஒத்திக்கும் போயிருந்தன. 'எங்கள் சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்' என்று அண்ணன் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் போடவில்லை, தடுக்கவும் இல்லை. ஆம்புலன்சில் ஒரு நர்ஸ் தம்பி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக்கைக் கையால் அழுத்திக்கொண்டே வந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் அண்ணன் டிரைவரிடம் 'மெதுவா, மெதுவா' என்றார். வீட்டில் வைத்து வாய்க்குழாயை எடுத்தார்கள்.

அரைமணி நேரம் தாங்கும் என்றார்கள். அப்பா மறுநாள் சாயங்காலம் வரை தானாக மூச்சுவிட்டார். அண்ணன் டாக்டருக்குப் போன் போட்டு 'திரும்பக் கொண்டுவரலாமா சார்' என்று கேட்டார். கொண்டுவந்தாலும் இதே நிலைதான் என்றார் அவர். மூக்குக் குழாயை எடுக்கவில்லை, அதில் கஞ்சித்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம். சாமியார் வந்து, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுத்தார்.

அடக்கத்தன்று சித்தப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார்: 'அந்தக் காலத்துல எண்ணெய் தேச்சுக் கொன்னாங்க, நீங்க கையெழுத்துப் போட்டுக் கொன்னுட்டீங்க. இது சாவான பாவம்.' எங்கள் குடும்பம் வேதத்தில் சேர்ந்து கத்தோலிக்கர்களாவதற்கு முன்னால் எங்கள் பூட்டிக்கு அந்த எண்ணெய்க் காரியம், தலைக்கூத்தல், நடந்தது, அது ஊருக்கே தெரியும். அவர்களும் கிழவி கஷ்டப்படக் கூடாதென்றுதானே செய்தார்கள்? அப்படியானால் வித்தியாசம் என்ன? 'நம்ம நோக்கம் நல்லது, அது போதும்' என்கிறார் அண்ணன். எனக்கு ராத்திரியில் தூக்கம் வரவில்லை. சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா? முப்பதாம் நாள் பூசைக்கு வரமாட்டேன் என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் செய்தது கொலை இல்லை. நீங்கள் தடுக்காமல் இருந்ததும் குற்றமில்லை. சித்தப்பா திருச்சபையின் பெயரால் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார், ஆனால் திருச்சபை அப்படிச் சொல்லவில்லை. நான் குருவானவர் இல்லை, இந்த விஷயங்களை வாசித்து வருகிறவன், அவ்வளவுதான். இருந்தாலும் எனக்கு இதில் தயக்கம் கிடையாது.

நம் பக்கத்துக் கத்தோலிக்கர்களிடம் ஒரு குறை உண்டு. பாவங்களை மொய் நோட்டு மாதிரி வரிசையாக எழுதி வைத்திருக்கிறோம், நிதானித்துப் பார்க்கப் பழகவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கென்று தமிழில் ஒரு புத்தகம் 1580இலேயே அச்சாகிவிட்டது. தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் அது ஒன்று. இத்தனை காலம் போயும், ஒரு செயலை எப்படி எடைபோடுவது என்ற பாடம் குருமடத்து வகுப்பறையைத் தாண்டி வீட்டுத் திண்ணைக்கு வந்துசேரவில்லை. சாவு வீட்டில் ஆளாளுக்குத் தீர்ப்புச் சொல்வது அதனால்தான்.

முதலில் அண்ணன் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் செய்தது சரி, அதற்குச் சொல்லும் காரணம் சரியில்லை. நோக்கம் நல்லதாக இருந்தால் போதும் என்பதைத் திருச்சபை ஏற்பதில்லை. செய்த செயல் என்ன, எதற்காகச் செய்தோம், எந்தச் சூழ்நிலையில் செய்தோம் என்று மூன்றையும் கேட்கும். செயலே தீயதாக இருந்தால் நோக்கம் அதைக் கழுவிவிடாது. 'நன்மை விளையும்படி தீமை செய்வோம்' என்ற பேச்சைப் பவுல் ரோமையருக்கு எழுதிய கடிதத்திலேயே கண்டிக்கிறார். எந்த நோக்கத்தாலும் எந்தச் சூழ்நிலையிலும் நல்லதாக்க முடியாத செயல்கள் உண்டு என்று திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் 1993இல் ஒரு சுற்றுமடல் முழுக்க வாதாடினார். குற்றமற்ற ஒருவரின் உயிரை வேண்டுமென்றே எடுப்பது அவற்றில் ஒன்று. ஆகவே அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்றால் உங்கள் பூட்டிக்கு நடந்ததும் சரியாகிவிடும். சித்தப்பா பிடித்துக்கொண்டதும் அந்த இழையைத்தான்.

தலைக்கூத்தலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். விருதுநகர், மதுரை, தேனிப் பக்கங்களில் இது வழக்கில் இருந்ததாகப் பத்திரிகைகளும் பலமுறை எழுதியிருக்கின்றன. விடியற்காலையில் எழுப்பி, தலை நிறைய எண்ணெய் வைத்து, பச்சைத்தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு இளநீரை அடுத்தடுத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். மெலிந்த உடம்பு குளிர்ந்து, காய்ச்சலும் ஜன்னியும் கண்டு ஓரிரு நாளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வாயில் பால் ஊற்றுவதும் உண்டு. இதில் சாவு தற்செயலாக வருவதில்லை. எண்ணெயும் இளநீரும் வைத்ததே அதற்காகத்தான். கிழவி பிழைத்துக்கொண்டால் காரியம் பலிக்கவில்லை என்று பொருள், இன்னொரு நாள் குறிப்பார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். குழாயை எடுத்த பிறகும் அப்பா மூச்சுவிட்டார். காரியம் பலிக்கவில்லையே என்று உங்களில் யாராவது நினைத்தீர்களா? அண்ணன் டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறார். திரும்பக் கொண்டுவரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அப்பா அந்தக் கட்டிலிலேயே எழுந்து உட்கார்ந்திருந்தால் உசிலம்பட்டிக்கே கேட்கும்படி அழுதிருப்பீர்கள். நீங்கள் கைவிட்டது ஒரு கருவியை. அப்பாவைக் கொன்றது மூளைக்குள் கசிந்த ரத்தம். அவர் சாவு உங்கள் குறிக்கோளாகவும் இல்லை, நீங்கள் கையாண்ட வழியாகவும் இல்லை. 'மரணத்தை வரவழைக்க விரும்பவில்லை, அதைத் தடுக்க முடியாமையை ஏற்றுக்கொள்கிறோம்' என்ற கருத்தில் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (பத்தி 2278) இதைத்தான் சொல்கிறது. சுமையான, ஆபத்தான, அசாதாரணமான, கிடைக்கும் பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்துவது நியாயமாக இருக்கலாம் என்கிறது அந்தப் பத்தி.

ஒரே செயலுக்கு இரண்டு விளைவு இருக்கும்போது, நாடியதையும் நாடாமல் கூடவே வந்ததையும் பிரித்துப் பார்க்கும் முறை 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாசிடம் தொடங்குகிறது. அவர் எடுத்துக்கொண்டது தற்காப்பு. பிற்காலத்தில் அதற்கு இரட்டை விளைவுக் கொள்கை என்று பெயர் வந்தது. புற்றுநோய் முற்றியவருக்கு வலி தாங்காமல் மார்ஃபின் கொடுக்கிறார்களே, அதனால் ஆயுள் கொஞ்சம் குறையக்கூடும் என்று தெரிந்தாலும் வலியைத் தணிப்பதற்காகக் கொடுக்கலாம் என்று 1957 பிப்ரவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் சொன்னதும் இந்தக் கணக்கில்தான். உங்கள் காரியத்துக்கு அதைவிட நெருக்கமானது அதே வருடம் நவம்பரில் அவர் சொன்னது. செயற்கைச் சுவாசக் கருவி அப்போதுதான் ஆஸ்பத்திரிகளுக்கு வந்திருந்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரத்து மயக்க மருத்துவர் ஒருவர், நம்பிக்கையற்ற நோயாளியிடமிருந்து இந்தக் கருவியை எடுக்கலாமா என்று நேராகவே கேட்டார். எடுக்கலாம் என்றார் திருத்தந்தை. உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாள்வதே கடமை, தனக்கோ பிறருக்கோ பெரும் சுமையாகும் வழிகளைக் கையாளக் கட்டாயமில்லை என்பது அவர் சொன்ன காரணம். சித்தப்பா பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன வழக்காகக்கூட இருக்கலாம் இது.

சாதாரண வழி, அசாதாரண வழி என்ற பாகுபாடு அதற்கும் நானூறு வருடம் முந்தியது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகத்தில் பாடம் சொன்ன பிரான்சிஸ்கோ தெ விற்றோரியா என்ற தொமினிக்கன் துறவி இதைச் சாப்பாட்டை வைத்து விளக்கினார். நோயாளிக்குக் கோழியும் கவுதாரியும் கொடுக்கச் சொல்கிறார் வைத்தியர். வாங்கித் தின்றே ஆக வேண்டுமா? வேண்டாம், முட்டை மாதிரி எல்லோரும் சாப்பிடுவதைச் சாப்பிட்டால் போதும் என்றார். மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்தில், காலை வெட்டினால்தான் பிழைப்பாய் என்றாலும் அந்த வலியைத் தாங்கியே தீர வேண்டுமென்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்றும் அன்றைய அறநூலார் எழுதினார்கள். இன்று மயக்க மருந்து இருக்கிறது. அதே அறுவை பலருக்குச் சாதாரண வழியாகிவிட்டது. எது அசாதாரணம் என்பது ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்தது.

பணத்துக்கு வருகிறேன். கடிதத்தில் நகையையும் ஒத்தியையும் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். காசுக்காக அப்பாவை விட்டுவிட்டோமோ? வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1980 மே மாதம் வெளியிட்ட அறிக்கை இதைப் பெயர் சொல்லியே பேசுகிறது. குடும்பத்தின் மேலோ சமூகத்தின் மேலோ அளவுமீறிய செலவைச் சுமத்த வேண்டாம் என்று சிகிச்சையை மறுப்பது தற்கொலைக்குச் சமமாகாது என்கிறது. சுமை என்ற கணக்கில் செலவுக்கும் இடம் உண்டு. பிழைக்க வாய்ப்புள்ளவரைச் சொத்துக்காகக் கைவிட்டால் அது வேறு கதை, அதற்கு இங்கே இடமில்லை. ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவருக்கு அசாதாரணம் ஆறாவது மாதத்தில் தொடங்கும், மானாவாரிக்காரருக்கு ஆறாவது நாளிலேயே தொடங்கிவிடும். சமூக அமைப்புக்குள்ளேயே ஊறிப்போன பாவத்தைப் பாவத்தின் அமைப்புகள் என்று 1987இல் இரண்டாம் ஜான் பால் எழுதியது இப்படிப்பட்ட காரியங்களுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உங்கள் அண்ணன் வீட்டுக்கு வெளியே இருக்கிறார்கள்.

மூக்குக் குழாயை எடுக்காததும் நல்லதாயிற்று. குழாய் வழியாகக் கொடுத்தாலும் உணவும் தண்ணீரும் பொதுவாகச் சாதாரணப் பராமரிப்பே என்று 2004இல் இரண்டாம் ஜான் பால் சொன்னார், 2007இல் பேராயமும் அதை உறுதிப்படுத்தியது. உடம்பு ஏற்காத நிலை வந்தால் மட்டும் விலக்கு. அவரே 2005 ஏப்ரலில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வத்திக்கானில் தன் அறையிலேயே இறந்தார். சித்தப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கையெழுத்துப் போடவில்லை, தடுக்கவும் இல்லை என்றீர்கள். பிறர் பாவத்தில் உடந்தையாவது பற்றி அறநூல்களில் பெரிய அத்தியாயமே உண்டு. பாவமே இல்லாத இடத்தில் உடந்தை ஏது?

பூட்டியின் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாவான பாவம் என்று சொல்ல மூன்றும் சேர வேண்டும்: காரியம் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவோடு செய்திருக்க வேண்டும், முழுச் சம்மதத்தோடு செய்திருக்க வேண்டும். தலைக்கூத்தல் கனமான காரியம், அதில் சமாதானத்துக்கு இடமில்லை. ஆனால் பஞ்சமும் ஊர் வழக்கமும் பெரியவர்களின் கட்டளையும் சேர்ந்து அழுத்திய அந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு தெளிவிருந்தது, எவ்வளவு சுதந்திரம் இருந்தது? செயலைத் தவறென்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. செய்தவரின் ஆன்மா எந்த நிலையில் இருந்தது என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் சித்தப்பாவுக்கும் உரிமை இல்லை. அவர் உங்கள் அண்ணன் மேல் சாவான பாவம் என்று சொன்னபோது இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

தூக்கம் வராதது துக்கத்தால். குற்றம் செய்தவர்களுக்கு மட்டுந்தான் மனம் உறுத்தும் என்றில்லை. இல்லாத பாவத்தைத் தேடித்தேடி வருந்தும் மனநிலைக்கு ஆன்மிக நூல்களில் தனி இடமே உண்டு. அறநூலாருக்கும் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கும் பாதுகாவலரான அல்போன்ஸ் லிகோரியே அதனால் அவதிப்பட்டவர். பாவசங்கீர்த்தனத்துக்குத் தாராளமாகப் போங்கள். இதைக் கொலை என்று சொல்ல வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நோயில்பூசுதல் கொடுக்க வந்த அதே சாமியாராக இருந்தால் பாதிக் கதை அவருக்கே தெரியும். சித்தப்பாவிடம் பேசவும் அவரையே கேளுங்கள். முப்பதாம் நாளுக்குள் அண்ணன் பேசிச் சரிவராது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மா இருக்கிறார்கள். மீள வழியற்ற நிலையில் உயிர்காப்புக் கருவிகளை விலக்கலாம், அதை முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் குழுக்கள் ஆராய்ந்த பிறகுதான் விலக்க வேண்டும் என்று அதற்கொரு நடைமுறையும் வைத்தது. 2023 ஜனவரியில் அதைக் கொஞ்சம் எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னால் எழுதினால் போதும். பலனில்லாத கருவி வேண்டாம், உணவும் தண்ணீரும் வலிமருந்தும் வேண்டும், சாமியாரைக் கூப்பிட வேண்டும் என்று அம்மா தெளிவாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். சாட்சிகள் வெளியாட்களாக இருப்பது நல்லது. ஆனால் எழுதும் அன்று சித்தப்பாவையும் வரச் சொல்லுங்கள். அம்மா வாயாலேயே அவரும் கேட்கட்டும்.

அன்புடன்.