பாலம் அதிர்ந்தால் இடிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பாலாற்றுக்கு அக்கரையில் எங்கள் ஊர். வேலூருக்குத் தினமும் பைக்கில் போகும் பாலத்துக்கு ஐம்பது வயதாவது இருக்கும். லாரி போனால் அதிர்கிறது, அடியில் கம்பி தெரிகிறது. போன மாதம் பெயின்ட் அடித்து, தார் போட்டார்கள். இது போதுமா, இடித்துத்தான் கட்ட வேண்டுமா?

பதில்: இடிக்க வேண்டியிருக்காது. ஆனால் பெயின்டும் தாரும் ரிப்பேர் ஆகாது.

அதிர்வை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். பாரம் ஏறினால் எந்தப் பாலமும் கொஞ்சம் வளைந்து நிமிரும். முன்பு இல்லாத அதிர்வு புதிதாக வந்தாலோ, மேல்தளத் துண்டுகள் சேரும் ஜாயின்டைத் தாண்டும்போது தடக்கென்று இடித்தாலோ, தூணின் தலையில் மேல்தளத்தைத் தாங்கும் ரப்பர் பேரிங் பிதுங்கிப் போயிருக்கலாம். மேல்தளத்தை ஜாக்கி வைத்துச் சில மில்லிமீட்டர் தூக்கி அதை மாற்றிவிடலாம்.

கம்பி தெரிவதுதான் எனக்கு உறுத்துகிறது. இரும்பு துருப்பிடித்தால் இரண்டு மடங்குக்கும் மேல் உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளி உதிர்க்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் அடுத்த மழையில் அதுவும் பெயர்ந்து விழும். கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, இளைத்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, மைக்ரோ கான்கிரீட் (பொடி ஜல்லி கலந்த, சந்துகளிலும் ஓடி நிரம்பும் கலவை) போட வேண்டும். புதிதாகக் கொத்திய இடத்தில் பினாப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளித்துப் பார்ப்போம். ரோஜா நிறம் வந்தால் அங்கே துருவைத் தடுக்கும் காரத்தன்மை கான்கிரீட்டில் இன்னும் இருக்கிறது. நிறமே வராவிட்டால் கம்பிக்கு அது காப்பாக இருக்காது. கார்பன் ஃபைபர் ஒட்டிப் பலப்படுத்துவதெல்லாம் இந்த வேலை முடிந்த பிறகுதான்.

தார் விஷயத்தில் ஒரு கணக்கு. 20 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணின் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) மேல் 5 செ.மீ. தார் போட்டால் சுமார் 17 டன் கூடுகிறது. பாரம் ஏற்றிய ஒரு லாரி இரவும் பகலும் அங்கேயே நிற்பது மாதிரி. பழைய தாரைச் சுரண்டி எடுத்தார்களா என்று அவசியம் கேளுங்கள். 2018இல் லாரி அச்சுக்கான எடை வரம்பையும் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்திவிட்டார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றும் இருக்கிறது: அஸ்திவாரம். வறண்டு கிடக்கும் பாலாற்றைப் பார்த்தால் ஆபத்தே தெரியாது. மணல் அள்ள அள்ளப் படுகை இறங்கும், தூணின் பிடிமானம் குறையும். 2021 டிசம்பரில் திருவலம் அருகே பொன்னை ஆற்று ரயில் பாலத்தில், வெள்ளத்துக்குப் பின் தூணில் விரிசல் கண்டு ரயில்களை நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? வெள்ளத்தில் தூணைச் சுற்றிப் பள்ளம் பறியும், வடியும்போது அதே மணல் வந்து மூடிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூணைச் சுற்றிப் பாறாங்கல் அடுக்குவது, படுகைக்குத் தளம் போட்டு இருபுறமும் தடுப்புச் சுவர் கட்டுவது ஆகியவை இதற்கான வேலைகள்.

கோடையில் இறங்கி, கிணறு அஸ்திவாரம் (தூணுக்கு அடியில் கிணறு போல இறக்கிய கான்கிரீட் உறை) எவ்வளவு வெளியே தெரிகிறது என்று போட்டோ எடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்குச் சொல்லுங்கள். மாநிலச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கு எழுதுங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வுக் கூட்டத்திலும் மனு கொடுங்கள். பேரிங்கையும் அஸ்திவாரத்தையும் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பதை மட்டும் கேட்டு எழுதுங்கள்.