ஏஜென்ட்டுக்குப் பக்கத்து சீட் கிடையாது

இந்த முறை கேள்வி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் ஏஐ ஏஜென்ட்டுகளுக்கு, அதாவது சொன்ன வேலையைத் தானாகவே செய்து முடிக்கும் ஏஐ மென்பொருள்களுக்கு, டூல் எழுதிக் கொடுக்கிறவர்கள். வேலையை முடிக்க ஏஜென்ட் கூப்பிடும் ஒவ்வொரு செயல்பாடும் ஒரு டூல். நீளமான கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஏபிஐ-க்கு (மற்ற மென்பொருள்கள் எங்கள் சிஸ்டத்தோடு பேசும் வழி) ஓபன்ஏபிஐ ஆவணம் (அதை விவரிக்கும் பொது வடிவம்) பக்காவாக இருக்கிறது. அதை அப்படியே எம்சிபி (ஏஜென்ட்டை வெளி டூல்களோடு இணைக்கும் பொது விதிமுறை) டூல்களாக மாற்றிவிட்டோம், மொத்தம் 64. ஆனால் ஏஜென்ட் அடிக்கடி தப்பான டூலை எடுக்கிறது. ஏன்?

அந்த 64-தான் முதல் சந்தேகம். பெரும்பாலான அமைப்புகளில் எல்லா டூலின் பெயரும் விளக்கமும் வேலை தொடங்கும்போதே, ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடலின் கான்டெக்ஸ்ட்டில் (ஒரே சமயத்தில் அது பார்க்கும் உரையில்) ஏறி உட்கார்ந்துவிடும். நீங்கள் அனுப்பிய பட்டியலில் 'கெட் யூசர்', 'ஃபெட்ச் யூசர் டீட்டெயில்ஸ்', 'யூசர் லுக்கப்' என்று மூன்று இருக்கின்றன. உங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவரிடம், "மூணாவது பழசு, அதைத் தொடாதே" என்று பக்கத்து சீட்காரர் சொல்லியிருப்பார். ஏஜென்ட்டுக்கு யார் சொல்வார்கள்?

எண்ட்பாயின்ட்டுக்கு (ஏபிஐ-யில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும்) ஒரு டூல் என்ற கணக்கை விடுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் வேலைக்கு ஒரு டூல் என்று பிரித்தால் பாதிக்கும் மேல் கழிந்துவிடும். மிஞ்சியதற்கு, எப்போது கூப்பிட வேண்டும் என்பதோடு எப்போது கூடாது என்றும் எழுதுங்கள். "ஆர்டர் எண் கையில் இருந்தால் மட்டும் இது. மொபைல் எண் மட்டும் தெரிந்தால் முதலில் வாடிக்கையாளர் தேடல்" என்கிற மாதிரி இரண்டு வரி போதும்.

கேள்வி: தேதியும் தொகையும் தப்பாகப் போகின்றன. மாடலை மாற்றிப் பார்க்கலாமா?

மாற்ற வேண்டாம். இந்தப் பள்ளத்தில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு ரீஃபண்ட் டூலுக்கு 'அமௌன்ட், முழு எண்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்விட்டேன். ரேஸர்பே, ஸ்ட்ரைப் போன்ற பேமென்ட் கேட்வேகள் தொகையை நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்கும். 1,200 ரூபாய் என்றால் 1,20,000 பைசா. ஏஜென்ட் 1200 என்று அனுப்பியது. வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்தது 12 ரூபாய். அவர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. ஆனால் தப்பு ஏஜென்ட்டுடையது இல்லை. விளக்கம் எழுதிய என்னுடையது.

அப்புறம் அந்த ஃபீல்டின் பெயரையே 'அமௌன்ட்_இன்_பைசா' என்று மாற்றி, பக்கத்தில் "500 ரூபாய்க்கு 50000" என்று ஒரு உதாரணம் வைத்தேன். விளக்கத்தில் எழுதுவதைவிடப் பெயரிலேயே அலகைச் சொல்லிவிடுவது நல்லது. இன்னொரு விஷயம், ஜப்பானிய யென்னுக்கு இந்த நூறால் பெருக்கும் வேலை கிடையாது. பல நாணயங்களை வாங்குகிறீர்கள் என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

தேதியும் இதே கதைதான். 03/04/2025 நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. வருடம்-மாதம்-நாள் வரிசையில் 2025-04-03 என்றுதான் வாங்குவேன் என்று ஸ்கீமாவிலேயே (டூல் எதை எந்த வடிவில் வாங்கும் என்ற வரையறையிலேயே) கட்டிப்போடுங்கள். எந்த ஊர் நேரம் என்பதும் வேண்டும். சர்வர் யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) ஓடினால், விடியற்காலை 5 மணிக்கு ஒருவர் "இன்றைய ஆர்டர்" என்று கேட்கும்போது அங்கே இன்னும் நேற்று இரவு 11.30.

கேள்வி: எர்ரர் மெசேஜும் ஆவணத்தில் சேருமா?

சேரும். ஆவணத்தை விட ஏஜென்ட் அதிகம் படிப்பது அதைத்தான் என்றுகூடச் சொல்வேன். வெறும் '400 பேட் ரிக்வெஸ்ட்' என்று திருப்பி அனுப்பினால் அதே கோரிக்கையை நாலு தடவை தட்டிக்கொண்டிருக்கும். "பின்கோடு 6 இலக்கம் வேண்டும், வந்தது 5" என்றால் அடுத்த தடவையே சரிசெய்துகொள்ளவோ, பயனரிடம் கேட்கவோ அதற்கு வழி கிடைக்கிறது.

கேள்வி: டூல் விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம், இன்றைய பெரிய மாடல்களுக்குப் புரியும். ஆனால் பெரும்பாலான மாடல்களில் அதே விஷயத்துக்குத் தமிழில் டோக்கன் (மாடல் உரையை வெட்டிப் படிக்கும் துண்டு) கூடுதலாகச் செலவாகும். நான் விளக்கத்தை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, பயனர் வாயில் வரும் சொற்களை மட்டும் தமிழிலேயே சேர்க்கிறேன். நிலம் தொடர்பான டூல் என்றால் பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றும் அதில் இருக்க வேண்டும். மொழிபெயர்த்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஊர்ப் பெயருக்கும் இது பொருந்தும். உங்கள் டேட்டாபேஸில் இருப்பது திருச்சியா, திருச்சிராப்பள்ளியா?

கேள்வி: எல்எல்எம்ஸ்.டிஎக்ஸ்டி ஃபைல் கட்டாயமா?

இல்லை. 2024 செப்டம்பரில் ஏஐ ஆய்வாளர் ஜெரமி ஹோவர்ட் முன்வைத்த யோசனை அது. ஒரு தளத்தின் முக்கியமான பக்கங்களின் இணைப்புகளை, ஏஐ மாடல்கள் படிக்க வசதியாக, ஒரே மார்க்டவுன் (எளிய உரை வடிவ) ஃபைலில் தருவது. அரை மணி நேர வேலை, வைத்தால் கெடுதல் இல்லை. உள்ளே இருக்கும் பக்கங்கள் பழசாக இருந்தால் பிரயோஜனமும் இல்லை.

கேள்வி: ரெக்கார்டை அழிக்கும் டூலில் "மிகவும் கவனம், பயனரைக் கேட்காமல் பயன்படுத்தாதே" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். போதுமா?

போதாது. எம்சிபி-யில் 'இது அழிக்கும்', 'இது படிக்க மட்டும்' என்று டூலுக்குக் குறிப்பு வைக்க வசதி இருக்கிறது. கண்டிப்பாக வையுங்கள், ஆனால் அதன் பெயரே ஹின்ட்தான். நம்பிக்கைக்குரிய சர்வரிலிருந்து வராத குறிப்பை நம்பாதே என்று அந்த விதிமுறையே சொல்கிறது. பூட்டு புரோகிராம் கோடில் இருக்க வேண்டும்: அழிக்கும் அனுமதி இல்லாத ஆக்சஸ் டோக்கன் (சிஸ்டத்துக்குள் நுழையும் டிஜிட்டல் சாவி), முதலில் எத்தனை ரெக்கார்டு போகும் என்று காட்டும் ஒத்திகை ஓட்டம், ஒரு மனிதர் ஓகே தட்டும் இடம்.

கேள்வி: எழுதியது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

பயனர்கள் உண்மையில் கேட்ட இருபது கேள்விகளை எடுங்கள், அவர்கள் எழுதிய பிழைகளோடு. உங்கள் புரோகிராம் கோடைக் காட்டாமல், டூல் விளக்கத்தை மட்டும் கொடுத்து ஏஜென்ட்டை ஓடவிடுங்கள். பதில் சரியா என்று மட்டும் பார்க்காமல் லாகையும் (ஏஜென்ட் செய்ததன் பதிவை) படியுங்கள். எந்த டூலை முதலில் எடுத்தது, எங்கே திரும்பி வந்தது என்று தெரியும். விளக்கத்தை இரண்டு தடவை திருத்திய பிறகும் அதே இடத்தில் தடுமாறினால், மூன்றாவதாக ஒரு வரி சேர்க்காதீர்கள். டூலின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.