சென்னை வெயிலில் நிட்டிங் எதற்கு?

கேள்வி: தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு தினமும் மின்சார ரயிலில் போகிறேன். கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பது அலுத்துப்போய் நிட்டிங், அதாவது இரண்டு ஊசியால் நூல் பின்னுவது, பழக ஆரம்பித்தேன். அக்ரிலிக் உல்லன் நூலில் 30 கண்ணி (ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) போட்டு மஃப்ளர் தொடங்கினேன். ஓரம் இரண்டும் சுருண்டுகொள்கிறது. கண்ணி 37 ஆகிவிட்டது, நடுவில் ஓட்டைகள் வேறு. கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டுகிறது. "இந்த ஊருக்கு இது எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். விட்டுவிடட்டுமா?

பதில்: விடாதீர்கள். மஃப்ளரை மட்டும் பிரித்துவிடுங்கள்.

ஓரம் சுருள்வது உங்கள் கைக்குற்றம் இல்லை. ஒரு வரிசை நிட் (நூலைப் பின்னால் வைத்துப் பின்னுவது), ஒரு வரிசை பர்ல் (நூலை முன்னால் வைத்துப் பின்னுவது) என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பீர்கள். அந்தத் துணி யார் பின்னினாலும் சுருளும். கண்ணி என்பது வளைத்து வைத்த நூல், அது நிமிரத்தான் பார்க்கும். முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறாக இருப்பதால் அந்த இழுப்பு சமமாவதில்லை. அதனால் பக்க ஓரங்கள் பின்னாலும், மேல் கீழ் ஓரங்கள் முன்னாலும் மடங்குகின்றன. இஸ்திரி போட்டு நேராக்கப் பார்க்காதீர்கள், அக்ரிலிக் சூட்டில் தொய்ந்து பாழாகும். எல்லா வரிசையும் நிட் மட்டுமே போடுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி வரும், சுருளாது. குனிந்து பார்க்காமலே போடலாம் என்பதால் ரயிலுக்கும் அதுதான் ஏற்றது.

கண்ணி கூடுவதற்கு வழக்கமான காரணம் வரிசையின் முதல் கண்ணி. நூல் ஊசிக்கு மேலேறிப் பின்னால் போய்விட்டால், அந்த ஒரு கண்ணியின் இரண்டு கால்களும் தூக்கிக்கொண்டு இரண்டு கண்ணிபோலத் தெரியும். இரண்டையும் பின்னிவிடுவோம். நூலைக் கீழே இழுத்து, ஊசியின் அடிவழியாகப் பின்னுக்குக் கொண்டுபோனால் இது நடக்காது. வரிசை முடிந்ததும் எண்ணிவிடுங்கள். கூடுதல் கண்ணியை அப்போதே கண்டால் ஒரு வரிசை பிரித்தால் போதும்.

நடுவில் ஓட்டை விழுவது, ஸ்டேஷன் வந்ததும் பாதி வரிசையில் நிறுத்திவிட்டு, பிறகு திசை மாற்றித் தொடங்குவதால் இருக்கலாம். பையிலிருந்து எடுத்ததும் பாருங்கள். கண்டிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் இருக்கிறதோ, அது வலது கையில் இருக்க வேண்டும். கிண்டி வந்த பிறகு புது வரிசை தொடங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

நீள ஊசிகளை வீட்டில் வைத்துவிட்டு, 4 மி.மீ. வட்ட ஊசி ஒன்று வாங்குங்கள். இரண்டு ஊசி முனைகளுக்கு நடுவே வளையும் கேபிள் உள்ளது, 60 செ.மீ. நீளம் போதும். பக்கத்தில் இருப்பவரை முழங்கை இடிக்காது, சீட்டுக்கு அடியில் ஊசி உருளாது. நிறுத்தும்போது கண்ணிகளைக் கேபிளுக்குத் தள்ளிவிட்டால் நழுவாது.

வியர்வைக்கு நூலை மாற்றுவதுதான் வழி. பங்குனியிலிருந்து புரட்டாசி வரை பருத்தி நூல், உலோக ஊசி. பவுடர் போட்டுக்கொள்ள வேண்டாம், நூலில் படிந்து அழுக்காகும். மடியில் ஒரு கைக்குட்டை போதும்.

முதல் வேலையாகக் கரித்துணி பின்னுங்கள். 8 பிளை (நடுத்தரக் கனமுள்ள) பருத்தி, 50 கிராம் கண்டு இரண்டு. 4 கண்ணி போட்டு ஒரு வரிசை நிட். அடுத்த வரிசையிலிருந்து 2 நிட், நூலை முன்னால் கொண்டுவந்து மீதி எல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் அழகான துளைகள் வரும். 56 கண்ணி ஆனதும் குறைக்க வேண்டும்: 1 நிட், 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாக நிட், நூல் முன்னால், மறுபடி 2 சேர்த்து, மீதி நிட். 4 கண்ணி மிஞ்சியதும் முடித்துவிடுங்கள். ஏறக்குறைய ஒரு சாண் சதுரம் கிடைக்கும். இதேபோல் இரண்டு பின்னி ஒட்டித் தைத்தால் குக்கரைத் தைரியமாக இறக்கலாம். அக்ரிலிக்கில் மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள், சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

ஐப்பசி மழையில் பருத்தி சீக்கிரம் காயாது. கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, மின்விசிறியின் கீழ் விரித்துப் போடுங்கள். பாதி வேலையை பிளாஸ்டிக் பையில் அடைக்காதீர்கள், பூசண வாடை வரும். துணிப்பை நல்லது. மழை பெய்கிற மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து கார்த்திகைக்குள் இதே கரித்துணியை நாலு பேருக்குப் பின்னிவிடலாம்.

பிரித்த அக்ரிலிக்கைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, அலசிக் காயவையுங்கள். நெளிவு கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. மார்கழியில் சொந்தத்தில் கைக்குழந்தை யாராவது இருந்தால் குல்லா ஆகும். பிறந்த குழந்தையின் தலைச்சுற்று ஏறக்குறைய 35 செ.மீ. 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால், 72 கண்ணி போட்டு, 2 நிட் 2 பர்ல் என்று 13 செ.மீ. உயரம் பின்னுங்கள். பிறகு ஒரு வரிசை முழுக்க இரண்டிரண்டாகச் சேர்த்தால் 36, மறு வரிசையில் 18. நூலை அந்தப் 18 கண்ணிக்குள்ளும் கோத்து இறுக்கி, பக்கத்தைத் தைத்துவிடுங்கள். குல்லாவைக் கச்சேரிக்கு எடுத்துப்போவதானால் ஊசி மூங்கிலாக இருக்கட்டும். சத்தம் வராது.