மடிக்கணினியா, டேப்லெட்டா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். கணக்குப் பார்க்கும் மடிக்கணினியில் இன்னும் விண்டோஸ் 10தான். குவால்காமின் ஸ்நாப்டிராகன் சில்லு உள்ளதை வாங்கினால் நாள் முழுக்க சார்ஜ் நிற்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

சார்ஜ் நிற்பது உண்மைதான். ஆனாலும் உங்கள் கடைக்கு அது வேண்டாம் என்பேன். கணக்கு மென்பொருளைத் திறக்க யுஎஸ்பி சாவி செருகுகிறீர்களா? பழைய பிரிண்டரில் ரசீது அடிக்கிறீர்களா? இரண்டுக்கும் டிரைவர், அதாவது அந்தக் கருவியைக் கணினியோடு பேசவைக்கும் சிறு மென்பொருள், தேவைப்படலாம். இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்காக எழுதிய மென்பொருள்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஸ்நாப்டிராகனிலும் ஓட்டிவிடும். டிரைவர் விஷயத்தில் அது நடக்காது; தயாரித்தவரே இந்தச் சில்லுக்கென்று தனியாக எழுதித் தந்திருக்க வேண்டும். பத்து வருடப் பிரிண்டருக்கு யார் எழுதப் போகிறார்கள்? மாத முடிவில் கணக்கு திறக்காமல் நிற்பதைவிட, மதியம் ஒருமுறை சார்ஜ் போடுவது எவ்வளவோ மேல். அப்படியும் ஆசை இருந்தால், மென்பொருள் நிறுவனத்திடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வாடிக்கையாளர் விவரம் இருக்கும் கணினியை அப்படியே விடாதீர்கள். அதில் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சில்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் இருந்தால், பெரும்பாலும் செலவில்லாமலே விண்டோஸ் 11க்கு மாறிவிடலாம். முதலில் அதைப் பாருங்கள்.

பினாங்கில் காப்புறுதி முகவராக இருக்கிறேன். மடிக்கணினியை விட்டுவிட்டு ஐபேட் மட்டும் போதுமா?

வாடிக்கையாளர் வீட்டில் திட்டத்தைக் காட்டவும் கையெழுத்து வாங்கவும் ஐபேடுக்கு இணையில்லை. 2025இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26இல் பல சாளரங்களை அருகருகே வைத்து வேலை செய்யவும் முடிகிறது. ஆனால் உங்கள் நிறுவனம் தரும் எக்செல் கோப்பில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) இருந்தால் ஐபேடில் அது இயங்காது. ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் திறந்து பாருங்கள். விசைப்பலகை, பேனா விலையையும் கூட்டிப் பாருங்கள். பல நேரங்களில் நல்ல மடிக்கணினி விலைக்கே வந்துவிடும். பழைய மடிக்கணினியை வீட்டில் வைத்துக்கொண்டு, வெளியே போக ஐபேட் வாங்குவதே என் விருப்பம்.

தமிழில் தட்டச்சு செய்ய எது வசதி?

இதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் தந்த அஞ்சல் விசைமுறையும், தமிழ் 99 என்ற இன்னொரு விசைமுறையும் ஐபேடிலேயே இருக்கின்றன. விண்டோஸ் 11இலும் தமிழ் 99 உண்டு.

லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் ஒரே மாடலை 16 ஜிபி, 32 ஜிபி நினைவகம் (ரேம்) என்று இரண்டு விலையில் காட்டினார்கள். பிறகு கூட்டிக்கொள்ள முடியாதா?

மாடலைப் பொறுத்தது. இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் நினைவகம் சில்லோடு ஒன்றாகவே பொதிந்து வருகிறது. எந்தக் கடையிலும் கூட்ட முடியாது. ஐந்து வருடம் வைத்திருப்பவர் 32 ஜிபியே எடுக்கட்டும். லெனோவோ திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறையில் நினைவகத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. 16இல் தொடங்கி, தேவை வரும்போது சேர்க்கலாம். அலுவலக வேலைக்கு நான் இப்படிப்பட்டதையே தேடுவேன். கோபைலட் பிளஸ் என்ற ஸ்டிக்கருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் செயற்கை நுண்ணறிவுப் பகுதி உள்ளே இருக்கிறது என்பது அதன் பொருள். உங்கள் கணக்கு மென்பொருள் அதைத் தொடவே தொடாது.

வரிக் கழிவு கிடைக்குமா?

வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் கழிவில் கணினியும் டேப்லெட்டும் அடங்கும். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியதற்கு மட்டும். தொழிலுக்கு வாங்கியது தொழில் கணக்கில் மூலதனக் கழிவாக (கேபிடல் அலவன்ஸ்) வர வேண்டும். அதனால் பணம் கட்டும்போதே விலைப்பட்டியலை நிறுவனத்தின் பெயரில் கேட்டு வாங்குங்கள்.