லாகருக்கு ஈஸ்ட் ஒரு பாக்கெட்டா, இரண்டா?

கேள்வி: என் தம்பி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். இந்தக் குளிர்காலத்தில் வீட்டிலேயே 23 லிட்டர் லாகர் பீர் போடப் போகிறானாம். அவன் வாங்கிய கிட்டின் (பீர் போடத் தேவையானதை அடைத்து வரும் டப்பா) மூடிக்கு அடியில் 6 கிராம் உலர் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று இருந்திருக்கிறது. கடைக்காரரோ, 11.5 கிராம் லாகர் ஈஸ்ட் இரண்டு பாக்கெட் தனியாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். அவர் வியாபாரத்துக்காகச் சொல்கிறாரா, உண்மையிலேயே தேவையா? நான் மளிகைக் கடை வைத்திருப்பதால் என்னைக் கேட்கிறான். இங்கேயும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா என்று எனக்கும் ஆசை வருகிறது.
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கடைக்காரர் சொன்னது சரி. தம்பியை இரண்டு பாக்கெட்டும் வாங்கச் சொல்லுங்கள்.

லாகர் ஈஸ்ட் தயாரிப்பவர்கள் அளவைப் பாக்கெட் கணக்கில் சொல்வதில்லை. 100 லிட்டருக்கு எத்தனை கிராம் என்றுதான் சொல்வார்கள். பலரும் வாங்கும் டபிள்யூ 34/70 என்ற ஜெர்மன் வகையை எடுத்துக்கொள்வோம். மால்ட் சாறு, அதாவது முளைகட்டிய பார்லியின் இனிப்புச் சாறு, 12 முதல் 15 டிகிரி சூட்டில் இருக்கும்போது போட்டால் 100 லிட்டருக்கு 80 முதல் 120 கிராம் என்பது அதன் அளவு. 23 லிட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 18 முதல் 28 கிராம் வருகிறது. இரண்டு பாக்கெட் சேர்ந்தால் 23 கிராம், கிட்டத்தட்ட நடுவில் வந்து நிற்கிறது. ஒரு பாக்கெட் என்றால் தேவையில் பாதிதான்.

"ஒரு தடவைக்கு ஒரு பாக்கெட்" என்ற பழக்கம் ஏல் வகை பீரிலிருந்து வந்தது. ஏல் 18, 20 டிகிரியில் புளிக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் தானே வேகமாகப் பெருகிக்கொள்ளும் என்பதால், ஒரு பாக்கெட்டே 23 லிட்டரைச் சமாளித்துவிடும். லாகரில் அது நடக்காது. குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் பெருகும். குறைவாகப் போட்டால் வேலை தொடங்கவே இரண்டு மூன்று நாள் ஆகலாம், அந்த இடைவெளியில் வேண்டாத கிருமிகள் புகுந்துவிடும். போட்ட கொஞ்சம் ஈஸ்ட் பல தலைமுறை பெருகித்தான் ஆக வேண்டும் என்பதால் பழ வாசனை, கந்தக வாடை, வெண்ணெய் வாடை எல்லாம் அதிகமாக வரும். கருப்பு நிற ஏலில் இவை கொஞ்சம் மறைந்து போகலாம். வெளிர் லாகரின் அழகே சுத்தமான சுவைதான், அதில் சின்னக் குறைகூடத் தெரிந்துவிடும்.

தம்பி கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் சூடு. "லாகர் என்றால் நல்ல குளிர்" என்று எங்காவது படித்துவிட்டு, ஆரம்பத்திலேயே 9 டிகிரியில் ஈஸ்ட்டைப் போட்டுவிட வேண்டாம். அந்தக் குளிரில் இதே வகைக்கு 100 லிட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை தேவைப்படும். 23 லிட்டருக்கு அது 46 முதல் 69 கிராம், அதாவது நான்கு முதல் ஆறு பாக்கெட்! வெறும் மூன்று டிகிரி குறைந்ததற்குச் செலவு இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். 12, 13 டிகிரியில் போட்டு, அதே சூட்டில் ஓடவிட்டால் இரண்டு பாக்கெட்டே போதும், சுவையும் கெடாது. புளிப்பு முடியும் தறுவாயில் 16, 17 டிகிரிக்கு ஏற்றி இரண்டு நாள் வைத்தால் வெண்ணெய் வாடையை ஈஸ்ட்டே தின்று தீர்த்துவிடும். மீதிக் குளிரெல்லாம் அதற்கப்புறம்தான்.

கிட்டோடு வந்த 6 கிராமை வீணாக்க வேண்டாம். முதலில் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். "லாகர்" என்று பெரிதாக அச்சடித்த கிட்களில்கூட மூடிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் ஏல் ஈஸ்ட். 18 டிகிரிக்கு மேல் வைக்கச் சொல்லியிருந்தால் ஏல் ஈஸ்ட் என்று புரிந்துகொள்ளலாம். அதைக் குளிர்ந்த கராஜில் வைத்தால் தூங்கிவிடும். வீட்டுக்குள் அறைச் சூட்டில் வைத்தால் குடிக்கத்தக்க பீர் வரும், ஆனால் லாகர் வராது. பெட்டியில் லாகர் என்று போட்டு உள்ளே ஏல் ஈஸ்ட் வைத்துத் தருவதை நான் சரியான வியாபாரமாக நினைக்கவில்லை. குறைந்தது பெட்டியின் மேலேயே அதைச் சொல்ல வேண்டும்.

வாங்கும்போது தேதி பார்க்கட்டும். உலர் ஈஸ்ட் உயிருள்ள பொருள், நாளாக ஆகச் சாகும், வெயிலில் கிடந்தால் இன்னும் சீக்கிரம் சாகும். கடையில் ஃப்ரிட்ஜில் வைத்து விற்கிறார்களா, வெயில் படும் ஜன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். தேதி முடிய இரண்டு மாதமே இருக்கும் பாக்கெட்டைத் தள்ளுபடியில் கொடுத்தால், அதோடு இன்னொன்றையும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும், தள்ளுபடி அதில் போய்விடும். மால்ட் சாறு கெட்டியாக இருந்தாலும், அதாவது புளிக்கும் முன் அளக்கும் தொடக்க அடர்த்தி (தண்ணீருக்கு 1.000) 1.060-ஐத் தாண்டினாலும், மூன்றாவது பாக்கெட் தேவை. ஒரு பாக்கெட்டுக்குத்தான் காசு என்றால், கிட்டை விட்டுவிட்டு மால்ட் தனியாக வாங்கி 11 லிட்டர் மட்டும் போடலாம். கணக்கு கச்சிதமாக வரும்.

கொஞ்சம் கூடப் போட்டால் கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். வீட்டு அளவில் ஒரு பாக்கெட் கூடிப்போனால் பெரிய கேடில்லை, குறைந்துபோனால்தான் தொல்லை. முதல் தடவை முடிந்ததும் அடியில் படியும் ஈஸ்ட் வண்டலைக் கொதிநீரில் சுத்தம் செய்த பாட்டிலில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்து, ஓரிரு வாரத்துக்குள் அடுத்த லாகருக்குப் போடலாம். இரண்டாம் தடவைக்குக் காசே செலவில்லை. நிஜமான சேமிப்பு இதில்தான் இருக்கிறது.

சரி, உங்கள் ஆசைக்கு வருகிறேன். இங்கே வேண்டாம். இங்கிலாந்தில் சொந்தக் குடிப்புக்கு பீர் போட 1963-லிருந்து லைசென்ஸ் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டிலோ 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. டாஸ்மாக்கில் வாங்கலாம் என்பதால் வீட்டில் தயாரிக்கலாம் என்று ஆகாது, ஒரு லிட்டர் போட்டாலும் குற்றம்தான். அந்த மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்ததே நம் மண்ணில்தான். கொண்டுவந்த ராஜாஜி ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர், தொடங்கிய இடம் அன்றைய சேலம் மாவட்டம், தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. ஓசூர் எல்லையைத் தாண்டி கர்நாடகாவில் போட்டாலும் லைசென்ஸ் இல்லாமல் முடியாது. தம்பியைப் பார்க்கப் போகும்போது அங்கே சேர்ந்து போடுங்கள்.

கேள்வி: தருமபுரியில் வீட்டிலேயே பன்னும் ராகி பிரட்டும் செய்து விற்கிறேன். ஒரு கிலோ மாவுக்கு எப்போதும் இரண்டு டேபிள்ஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போடுகிறேன். மே மாதத்தில் மாவு பொங்கி வழிகிறது, பன்னில் ஈஸ்ட் வாடை அடிக்கிறது. ராகி பிரட்டோ எவ்வளவு போட்டாலும் எழும்ப மாட்டேன் என்கிறது. 500 கிராம் கட்டியாக வாங்கினால் மலிவு என்கிறார்கள், வாங்கலாமா?
– வாசகி, தருமபுரி

பதில்: அம்மா, முதலில் ஸ்பூனை வைத்துவிட்டு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். தட்டையாக அளந்த ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சுமார் 3 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 9 கிராம். நீங்கள் ஒரு கிலோவுக்கு 18 கிராம் போடுகிறீர்கள், குவித்து அள்ளினால் இன்னும் கூட. 10 கிராம் போதும். கோடையில் 5, 6 கிராமுக்கு இறக்கி, பிசைய ஃப்ரிட்ஜ் தண்ணீர் எடுங்கள். வாடை போய்விடும்.

ராகி எழும்பாததற்கு ஈஸ்ட் காரணமில்லை. கோதுமையில் இருக்கும் குளூட்டன் ராகியில் கிடையாது, ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைக்க அதில் எதுவும் இல்லை. எவ்வளவு ஈஸ்ட் கொட்டினாலும் காற்று வெளியே போகும், வாடைதான் மிஞ்சும். மொத்த மாவில் ராகியைக் கால் பங்குக்குள் வைத்துக்கொண்டு, மீதிக்கு மைதாவோ கோதுமை மாவோ போடுங்கள். இனிப்பு பன்னில் சர்க்கரை மாவின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் சாதாரண ஈஸ்ட் திணறும். அதற்கென்று இனிப்பு மாவு ஈஸ்ட் தனியாகக் கிடைக்கிறது.

ராத்திரி பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்துக் காலையில் சுடுவதானால் 3 முதல் 5 கிராம் போதும். மேலே லாகருக்குக் குளிரில் அதிகம் போடச் சொல்லிவிட்டு இங்கே குறைக்கச் சொல்கிறேனே என்று தோன்றலாம். லாகரில் ஈஸ்ட் சர்க்கரை முழுவதையும் தின்று முடித்து, தான் விட்ட வாடையையும் சுத்தம் செய்ய வேண்டும். பன்னில் கொஞ்சம் காற்று விட்டால் போதும், மீதியை அடுப்பு பார்த்துக்கொள்ளும்.

500 கிராம் கட்டி வாங்குவது உங்கள் வியாபாரத்தைப் பொறுத்தது. தினம் இரண்டு கிலோ மாவு பிசைந்தால் 25 நாளில் தீர்ந்துவிடும், தாராளமாக வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு கிலோதான் என்றால் ஒரு வருடம் கிடக்கும், பாதியைக் குப்பையில் போடுவீர்கள். அப்போது சின்னப் பாக்கெட்தான் லாபம். கட்டியைக் கடையில் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். செங்கல் மாதிரி இறுகி இருக்க வேண்டும், மெத்தென்று அமுங்கினால் காற்று புகுந்துவிட்டது, திருப்பிக் கொடுங்கள். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். சந்தேகம் வந்தால் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் ஒரு டீஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். நுரை தொப்பி மாதிரி எழும்பினால் நல்லது, தண்ணீர் கலங்கியபடியே கிடந்தால் மாவை வீணாக்காதீர்கள்.

கேள்வி: ஓசூரில் ஒரு கடையில் ஈஸ்ட்டைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் கட்டி விற்கிறார்கள். பெயர், தேதி எதுவும் இல்லை. வாங்கலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: வாங்காதீர்கள். அடைத்து விற்கும் உணவுப் பொருளில் பொருளின் பெயர், எடை, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பது, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் எண் எல்லாம் இருக்க வேண்டும். பெரிய கட்டியை எப்போது பிரித்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று அந்தக் கவரைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் கவரையும் பில்லையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். பில் தராத கடையென்றால், கடை இருக்கும் இடத்தையும் வாங்கிய நாளையும் சொன்னாலே போதும்.