அலுவலக மடிக்கணினிக்கு ரேம், எஸ்எஸ்டி, குளிர்ச்சி: கேள்வி பதில்

லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகை மடிக்கணினிகளைத் திறந்து மேம்படுத்துவது பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். கேள்விக்கு முன் இருப்பது கேட்டவரின் வட்டாரம். ஒரே ஒரு வேண்டுகோள்: அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைப் பார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினால் உள்ளே பலகையே வேறாக இருக்கும்.

தெம்பனிஸ்: அண்ணே, திங்க்பேட் டி480 வச்சிருக்கேன், 8 ஜிபி ரேம். எக்செல், குரோம், ஜூம் மூணும் சேர்ந்து ஓடினா திணறுது. என்ன வாங்கணும்?

முதலில் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, எத்தனை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்) பயன்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். டி480-இல் இரண்டு ஸ்லாட் உண்டு. ரேம் வகை டிடிஆர்4 சோடிம் (மடிக்கணினிக்கான சிறிய ரேம்), 1.2 வோல்ட். லெனோவோ சொல்லும் உச்சவரம்பு 32 ஜிபி. இப்போது ஒரே 8 ஜிபி இருந்தால் இன்னொரு 8 ஜிபி போதும். இரண்டு ஸ்லாட்டும் நிறைந்தால் டூயல் சேனலில், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறையில், ஓடும். தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத கணினிக்கு அது கூடுதல் லாபம், ஏனென்றால் கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. கடையில் 2666 அல்லது 3200 வேகம்தான் கிடைக்கிறது என்றாலும் கவலையில்லை, 2400-க்கு இறங்கி ஓடும்.

மாட்டும்போது பலரும் விட்டுவிடும் விஷயம் உள் பேட்டரி. டி480-க்கு இரண்டு பேட்டரி. பின்பக்கத்தில் இருப்பதைக் கழற்றிவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்று நினைக்கிறார்கள், உள்ளே இன்னொன்று உயிரோடு இருக்கும். கணினியை எழுப்பும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய், கான்ஃபிக், பவர், 'டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் செய்யும்போது சார்ஜர் செருகியிருக்கக் கூடாது. பிறகு மூடியைத் திறங்கள். ரேமைச் சாய்வாகச் செருகி, தங்கநிறக் கோடு ஏறக்குறைய மறையும்வரை உள்ளே தள்ளி, அப்புறம் கீழே அழுத்துங்கள். இரு பக்கக் கொக்கியும் 'டக்' என்று பிடிக்க வேண்டும்.

முதல்முறை எழுப்பும்போது திரை சிறிது நேரம் கறுப்பாகவே நிற்கலாம். கணினி புது ரேமைப் பழகிக்கொள்கிறது. பொறுக்காமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பவர்களே அதிகம். எழுந்த பின் ஓர் இரவு மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை நிரலை ஓட்டுங்கள். ஒரு பிழை காட்டினாலும் ரேமைத் திருப்பிக் கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஈசூன்: எல்லா அலுவலக மடிக்கணினியிலும் ரேம் மாற்றலாமா, சார்?

இல்லை. திங்க்பேட் டி480எஸ், டி490 இரண்டிலும் ஒரு பங்கு ரேம் பலகையோடு சால்டர் செய்யப்பட்டது (பற்றவைக்கப்பட்டது, கழற்ற முடியாது), மாற்றத்தக்கது ஒரு ஸ்லாட் மட்டுமே. எக்ஸ்1 கார்பனில் ஸ்லாட்டே கிடையாது. லேட்டிட்யூட் 5420-இல் இரண்டு ஸ்லாட், அதன் அண்ணன் 7420-இல் எல்லாமே சால்டர். மெல்லியதாக, விலை கூடியதாக இருந்தால் மாற்ற முடியாது என்றே எடுத்துக்கொண்டு சரிபாருங்கள்.

பொங்கோல்: ஐயா, என்னுடையது எட்டாம் தலைமுறை ஐ5. குளிர்சாதனம் போடாத அறையில் விசிறி இரைகிறது, டீம்ஸ் கூட்டத்தில் படம் உறைந்து நிற்கிறது. வெப்பம் 97 டிகிரி காட்டுகிறது. பேஸ்ட் மாற்றினால் சரியாகுமா?

சிப்புக்கும் அதைக் குளிர்விக்கும் ஹீட்சிங்க் என்ற உலோகப் பாகத்துக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும் பசைதான் பேஸ்ட். அதை மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் பிற்பகலில் அறை வெப்பம் 31, 32 டிகிரி இருக்கும். 24 டிகிரி அலுவலகத்தில் 89 காட்டும் அதே கணினி வீட்டில் 97 காட்டுவது இயல்பு. வெளிக்காற்று எவ்வளவு கூடுகிறதோ ஏறக்குறைய அவ்வளவும் உள்ளே கூடும். இந்தச் சிப்புகளின் வரம்பு 100 டிகிரி. அதை நெருங்கினால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதுதான் உங்கள் படம் உறைவது.

கணினியின் அளவீடுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் வெப்பத்தை மட்டும் பார்க்காதீர்கள். சிப் இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் 'சிபியு பேக்கேஜ் பவர்' என்ற வரியையும் சேர்த்துப் பாருங்கள். பத்து நிமிடம் கனமான வேலை கொடுங்கள். உங்கள் சிப்பின் நீடித்த வரம்பு பொதுவாக 15 வாட். தொடக்கத்தில் சில விநாடிகள் 25 வாட்டுக்கு மேல் எகிறி 97 தொட்டு, பிறகு 15 வாட்டில் 75–80க்கு இறங்கினால் கணினி நலமாக இருக்கிறது, திறக்கவே வேண்டாம். 10, 12 வாட்டிலேயே 97-இல் நின்றால் காற்று வழி அடைபட்டிருக்கிறது அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது.

அடைப்பு எங்கே என்றால், விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில். தூசி அங்கே கம்பளித் துண்டுபோல் படியும். வெளியிலிருந்து காற்றடித்தால் அந்தத் துண்டு இன்னும் இறுகும். விசிறியைக் கழற்றி, சாமணத்தால் துண்டை முழுதாக எடுத்துவிடுங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் கெடும். சமையலறைப் பக்கம் வைத்து வேலை செய்பவர்கள், தினமும் சாம்பிராணி போடும் வீட்டுக்காரர்கள் கவனிக்க: எண்ணெயும் புகையும் சேர்ந்த தூசி காற்றுக்கு அசையாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ் வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு குறையவில்லை என்றால் பேஸ்ட். ஹீட்சிங்க் ஸ்குரூக்களில் எண் போட்டிருக்கும். கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணுக்குச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஒரு மூலையை மட்டும் முழுதாகக் கழற்றினால் சிப்பின் ஓரம் உடையக்கூடும். பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹாலால் துடைத்து, சிப் முழுவதையும் மூடும்படி மெல்லிய படலமாகத் தடவுங்கள். மேசைக்கணினிச் சிப்பைப் போல இதற்கு உலோக மூடி கிடையாது, அதனால் தடவாத மூலை தனியாகக் கொதிக்கும். மீண்டும் மாட்டும்போது ஒன்றாம் எண்ணிலிருந்து.

நீர்த்த பேஸ்ட் இந்த மூடியில்லாச் சிப்பில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நடுவிலிருந்து வெளியே வழிந்துவிடும். சில மாதத்தில் பழைய கதை திரும்புவது இதனால்தான். நான் பரிந்துரைப்பது ஹனிவெல் பிடிஎம்7950 தாள். 45 டிகிரி அளவில் இளகி இடைவெளியை நிரப்பும், வழிந்தோடாது. தாளை உரிக்கச் சிரமமாக இருந்தால் சில நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். திரவ உலோகம் வேண்டவே வேண்டாம்: மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

ஜூரோங் வெஸ்ட்: கூலிங் பேட் வாங்கலாமா?

கணினியின் பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்துங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். பேடின் விசிறி உங்கள் கணினியின் காற்றுத் துளைக்கு நேராக அமையாவிட்டால் வெறும் சத்தம்தான்.

காலாங்: வோல்டேஜ் குறைத்தால் சூடு குறையும் என்கிறார்களே?

குறையும். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பின், பயாஸ் புதுப்பிப்புகளில் அந்த வழியைப் பலரும் பூட்டிவிட்டார்கள். அதற்காகப் பழைய பயாஸுக்குத் திரும்புவது, வாடிக்கையாளர் விவரம் வைத்திருக்கும் கணினியில் செய்யத்தக்கதல்ல. பவர் ஆப்ஷன்ஸில் புராசசரின் உச்ச நிலையை 99 சதவீதமாக வையுங்கள். டர்போ எனும் தற்காலிக அதிவேகம் நின்றுவிடும், வெப்பம் சட்டென இறங்கும். ஆவணம், மின்னஞ்சல் வேலைக்கு வேகக் குறைவு பெரிதாகத் தெரியாது.

அங் மோ கியோ: லேட்டிட்யூட் 5420-க்கு 1 டிபி எஸ்எஸ்டி வாங்கிட்டேன். விண்டோஸ் 11 நிறுவும்போது டிஸ்க்கே இல்லைன்னு சொல்லுது. எஸ்எஸ்டி பழுதா?

பழுதில்லை. பதினோராம் தலைமுறை இன்டெலில் சேமிப்பகம் விஎம்டி என்ற அடுக்குக்குப் பின்னால் இருப்பதால், நிறுவும் நிரலுக்குத் தெரிவதில்லை. டெல் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே யுஎஸ்பியில் போட்டு 'லோட் டிரைவர்' கொடுங்கள். பயாஸில் சேமிப்பக முறையை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றச் சொல்பவர்கள் உண்டு. புதிதாக நிறுவினால் அதுவும் சரி. பழைய விண்டோஸைக் குளோன் செய்தபின் (அப்படியே நகலெடுத்தபின்) அப்படி மாற்றினால் நீலத்திரைதான்.

குளோன் செய்பவர்கள் முதலில் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை வேறிடத்தில் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள். கணினி நிறுவனத்துடையது என்றால் ஐடி பிரிவின் அனுமதி இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

பிடோக்: கரோசல் விற்பனைத் தளத்தில் பழைய திங்க்பேட் பார்க்கிறேன் அண்ணா. பணம் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். சூப்பர்வைசர் கடவுச்சொல் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள், பலகையில் உள்ள சிறு பேட்டரியைக் கழற்றினாலும் அது போகாது. அடுத்து, விற்பவரை விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தில் இணைக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் போட்டு உள்நுழையச் சொன்னால், கணினி இன்னும் அவர்களின் ஆட்டோபைலட் (நிறுவனக் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) பட்டியலில் இருக்கிறது. நீங்கள் எத்தனை முறை அழித்து நிறுவினாலும் அந்தத் திரை வரும்.

டி480 என்றால் இரண்டு யுஎஸ்பி-சி துளையிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று சோதியுங்கள். அக்கால மாடல்களின் தண்டர்போல்ட் (அதிவேக யுஎஸ்பி-சி துளை) ஃபர்ம்வேர், அதாவது அதன் உள்நிரல், புதுப்பிக்கப்படாமல் இருந்தால் நாளடைவில் துளை செயலிழக்கும். லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டது, ஆனால் துளை போன பின் போட்டால் பெரும்பாலும் பயனில்லை. ஏழாம் தலைமுறை டி470-ஐ விலை மலிவென்று எடுக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது.

தோ பாயோ: டச்பேட் அழுந்த மாட்டேங்குது, மூடியும் லேசா தூக்கிட்டு நிக்குது. ஸ்குரூ தளர்ந்திருக்குமா?

பேட்டரி வீங்கியிருக்கிறது. இப்போதே அணைத்துச் சார்ஜரைப் பிடுங்குங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், நெம்பி எடுக்கவும் வேண்டாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கழற்றத் தெரிந்த கடையில் கொடுங்கள். குப்பைச் சரிவில் எந்த லித்தியம் பேட்டரியும் போகக் கூடாது. புதியது மாட்டியபின், நாள் முழுதும் செருகியே வைத்திருப்பவர் என்றால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். திங்க்பேட்டில் வாண்டேஜ் செயலியிலும், எலைட்புக்கில் பயாஸின் பேட்டரி ஹெல்த் பகுதியிலும், லேட்டிட்யூடில் டெல்லின் பவர் அமைப்பிலும் இதற்கான தேர்வு இருக்கிறது.